வெள்ளத்தில் இரண்டு வாத்துகள்

கோலாப்பூர்
18 செப்டம்பர் 1983

அன்புள்ள அத்தைக்கு,

சரயூவின் நமஸ்காரங்கள். அப்பா, அம்மா, நான், மாடிப்படியில் தூங்கும் உங்கள் பூனை, நால்வரும் சுகம். நீங்களும் உங்கள் சிநேகிதி நளினி சித்தியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பம்பாய் போய்ச் சேர்ந்ததாக நீங்கள் எழுதிய அட்டை வந்தது. இரண்டே வரி. மூலையில் படம் இல்லை. போன வருடம் சாங்லிக்குப் போனபோதுகூட அட்டையின் மூலையில் ஒரு வேப்பமரத்தைக் கட்டைவிரல் அளவுக்கு வரைந்து அனுப்பினீர்கள். அம்மா அதைக் கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைத்திருக்கிறாள். இந்த அட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை உங்களோடு ரங்காளா ஏரிக்கரையில் உட்கார்ந்து வரையும் கூட்டாளிகள் வந்தார்கள். நீங்கள் கடலை வரையப் போயிருக்கிறீர்கள் என்று அப்பா சொன்னார். அவர்களில் தள்வி மாமா மட்டும் நம்பவில்லை. "கடலா? அது ஒரு எடத்துல உட்காராது, எனக்கும் அதுக்கும் ஒத்து வராதுன்னு முப்பது வருஷமா சொன்னவ ஆச்சே" என்றார். அப்பா உடனே டீ கொண்டுவர எழுந்து போனார். வீட்டில் நான் இருக்கும்போது அப்பா தானாக டீ கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

உங்கள் பித்தளைச் செம்பு அலமாரியிலேயே இருக்கிறது. எந்த இடத்தை வரைகிறீர்களோ அந்த இடத்துத் தண்ணீரில்தான் வண்ணம் குழைப்பீர்களே, கடல் தண்ணீரை எதில் மொள்ளுவீர்கள்? அப்பா வரும்போது கொடுத்தனுப்பட்டுமா?

பூனையின் சார்பிலும் வணங்கும்,
சரயூ


பரேல், பம்பாய்
2 அக்டோபர்

அன்புச் சரயூ,

ஆசிகள். நான் நலம். நளினி என்னை நாற்காலியை நகர்த்தக்கூட விடுவதில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து திரும்பியதும் மிச்சமிருக்கும் அதிகாரத்தை எல்லாம் என்மேல் செலுத்துகிறாள். அவளுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எழுத ஆரம்பித்தால் தாள் போதாது.

செம்பு வேண்டாம். கடல் தண்ணீர் உப்பு, குழாய்த் தண்ணீர் எனக்குப் பழக்கமில்லை. ஆகையால் இப்போதைக்குப் பார்ப்பதோடு சரி. நான் படுத்திருக்கும் இடத்திலிருந்து ஒரு புளியமரம், ஒரு ஆலைப் புகைபோக்கி, இரண்டுக்கும் நடுவே உன் அடிக்கோல் அகலத்துக்குக் கடல் தெரிகிறது. காலையில் அது சாம்பல். நான்கு மணிக்குப் பித்தளை. இவ்வளவு கிடைத்ததே பெரிய காரியம்.

இந்தத் தாளில் படத்துக்கு இடமில்லை.

அன்புடன்,
அத்தை


கோலாப்பூர்
16 அக்டோபர்

அன்புள்ள அத்தைக்கு,

நமஸ்காரங்கள். வீட்டில் எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் சளி. உங்களுக்கு என்ன? பகல் நான்கு மணிக்கு நீங்கள் படுத்து நான் பார்த்ததில்லை. தாளில் இடமில்லை என்று எழுதியிருந்தீர்கள். கீழ்ப்பாதி முழுவதும் காலியாக இருந்தது. குறை சொல்ல எழுதவில்லை, கண்ணில் பட்டது.

இப்போது பெரிய செய்தி. ஓவியர் சங்கம் வரும் சங்கராந்திக்கு நகர மண்டபம் முழுவதையும் உங்களுக்கு மட்டும் தருகிறது. முப்பது வருடப் படங்கள். சங்கத்தில் பெண் ஒருத்திக்கு இப்படித் தருவது இதுதான் முதல் தடவை என்று தள்வி மாமா சொன்னார். சொல்லும்போது அவருக்கே பரிசு கிடைத்ததுபோல் இருந்தார்.

அப்பாவும் நானும் கட்டிலடியிலிருந்தும் பரணிலிருந்தும் படங்களை எடுத்துக் கூடத்தில் பரப்பினோம். நடக்க இடமில்லை. பன்ஹாளா மலை ஒன்றே எத்தனை தடவை. வெயிலில் காய்ந்த மலை, மழையில் பாதி கரைந்த மலை, அறுவடை முடிந்த கரும்புக் காட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் மலை. நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் தினமும் அதைப் பார்க்கிறேன். ஆனால் மறுநாள் காலையில்தான் உண்மையாகப் பார்த்தேன், அத்தை. அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அம்மா படங்களுக்கு நடுவே கால் வைத்து நடந்துவந்து, "இத்தனை படத்துல ஒரு மனுஷன் இல்லியே. கோலாப்பூரே ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சா?" என்றாள். ஆனால் துடைத்து அடுக்கியது அவள்தான்.

ஒரு சந்தேகம். ஆகஸ்டில் பஞ்சகங்கை ஆற்றில் வெள்ளம் வந்தபோது வரைந்தீர்களே, அந்தப் படத்தில் மரங்களின் தலை இருக்கிறது, மேகம் இருக்கிறது, நடுவில் பெரிதாக வெறும் காகிதம் இருக்கிறது. கையெழுத்தும் இல்லை. அது முடிந்த படமா? தோண்டிபா மாமா தீபாவளிக்கு முன் எல்லாவற்றையும் சட்டம் போடக் கேட்கிறார். சினிமா பேனர் வரையும் வேலை அப்போதுதான் குறைவாம். சீக்கிரம் எழுதுங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
சரயூ


பரேல்
9 நவம்பர்

அன்புச் சரயூ,

தீபாவளி ஆசிகள், தாமதமாக. உன் சளி போயிருக்கும். மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மண்டபச் செய்தியை நளினி மூன்று தடவை சத்தமாகப் படித்தாள். மூன்றாம் தடவை அவளே அழுதுவிட்டு என்னைத் திட்டினாள்.

அந்த வெள்ளப் படம் முடிந்துவிட்டது. நடுவில் இருக்கும் வெள்ளைதான் தண்ணீர். என் பெட்டியில் வெள்ளை வண்ணம் எப்போதும் கிடையாது. வெளிச்சம் வேண்டுமானால் காகிதத்தைத் தொடாமல் விட வேண்டும். அன்று மழை சற்று நின்றது. ஆறும் வயலும் ஒன்றாகிக் கிடந்தன. மேகத்தை விலக்கிக்கொண்டு வெயில் விழுந்ததும் தண்ணீருக்கு நிறமே இல்லாமல் போயிற்று. அந்த ஒரு பார்வைக்காகத்தான் முப்பது வருடம் அந்தக் கரைக்குப் போய்வந்தேனோ என்று தோன்றியது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் ஆற்றுக்கே சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் படத்தைக் கடைசியாக, வாசல் அருகே மாட்டச் சொல். அதைப் பார்த்துவிட்டு ஜனங்கள் வெளியே போகட்டும். எனக்கு அதுவே போதும்.

உன் அம்மாவிடம் சொல்: மனிதர்கள் எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். பெண்பிள்ளை ஆற்றங்கரையில் உட்கார்ந்து என்னதான் செய்கிறாள் என்று பார்க்க ஊரே அங்கே நின்றால், முன்னால் வரைய யார் மிச்சம்?

அன்புடன்,
அத்தை


கோலாப்பூர்
14 நவம்பர்

அன்புள்ள அத்தைக்கு,

நமஸ்காரங்கள். அனைவரும் சுகம். சட்ட வேலை நன்றாக நடக்கிறது. மரம் நல்ல மரம். கண்ணாடியில் குமிழி இல்லை. பூனை இரண்டு தடவை காணாமல் போய் இரண்டு தடவையும் வந்துவிட்டது. வரலாற்றுப் பரீட்சையில் வகுப்பில் நான்தான் முதல். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

வணக்கத்துடன்,
சரயூ


கோலாப்பூர்
14 நவம்பர்

மரியாதைக்குரிய நளினி சித்திக்கு,

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நான் குமுதினி அத்தையின் தம்பி யஷ்வந்தின் மகள், ஒன்பதாம் வகுப்பு. உங்கள் அலுவலக முகவரிக்கு எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். இந்தக் கடிதத்தை அத்தையிடம் காட்டாதீர்கள்.

அத்தையின் பதில் சனிக்கிழமை வந்தது. அதைப் படித்தவுடன் நானும் அப்பாவும் தோண்டிபா மாமா கடைக்குப் போனோம். தீபாவளிக்கு முன் பதில் வராததால் அப்பா எல்லாப் படங்களையும் அவரிடம் கொடுத்திருந்தார். வெள்ளப் படம் சட்டத்துக்குள், இன்னும் கண்ணாடி போடாமல், சுவரில் மாட்டியிருந்தது. நடுவில் இருந்த வெள்ளை முழுவதும் நீலம். பண்டிகைப் புடவை நீலம். அதன்மேல் இரண்டு வாத்துகள். மஞ்சள் அலகு. ஒன்று நம்மைப் பார்க்கிறது, சித்தி. சிரிக்கிறது என்றே சொல்லலாம்.

அப்பா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "தோண்டிபா, வெள்ளத்துல வாத்து எப்படிய்யா வந்துச்சு?"

அவர் பெருமையாக நின்றார். அத்தையை அவர் டீச்சரம்மா என்றுதான் சொல்வார். "நடுவுல காயிதம் சும்மா கெடந்துச்சு அண்ணே. டீச்சரம்மா ஒடம்பு முடியாம அவசரமா கெளம்புனாங்கல்ல, முடிக்க நேரமில்லன்னு நெனச்சேன். அவங்க பேரு கெட்டுறக் கூடாதுல்ல? ஆத்துக்கு நீலம் குடுத்தேன். வெறும் நீலம் தூங்குச்சு. ரெண்டு வாத்த எறக்குனேன், எந்திரிச்சுருச்சு."

"ஆறு மழையில செம்மண் கலரால்ல போகும்?"

"அது நெசத்துல. செம்மண் தண்ணிய யாரு மண்டபத்துல மாட்டுவாங்க?"

அப்பாவின் முகத்தைப் பார்த்தபின்தான் அவருக்கு ஏதோ தப்பு என்று பட்டது. உடனே ஈரத் துணியை எடுத்தார், துடைத்துவிடுகிறேன் என்று. அப்பா பாய்ந்து கையைப் பிடித்தார். துடைத்தால் ஓரத்தில் இருக்கும் அத்தையின் மேகமும் சேர்ந்து கரைந்துவிடும். மூவரும் வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வழியில் நான் அப்பாவிடம், அத்தைக்கு என்ன உடம்பு முடியவில்லை என்று கேட்டேன். தலைவலி என்றார். வாத்து விஷயத்தை எழுதக் கூடாது, இப்போது அவள் மனம் நோகக் கூடாது என்றார். தலைவலிக்காரர்களின் மனத்தை யாரும் இவ்வளவு காப்பாற்றுவதில்லை. ஊர் முழுக்க ஏதோ தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை.

அந்தப் படத்தைத்தான் அத்தை வாசல் அருகே மாட்டச் சொல்லியிருக்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

தங்களை நம்பும்,
சரயூ சாலோகே


பம்பாய்
24 நவம்பர்

சரயூ,

ஆசிகள். நான் சுகமா என்று நீ கேட்க மறந்துவிட்டாய். சுகம்தான், முழங்கால் வலி.

நான் டெலிபோன்காரி. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இணைப்புக் கொடுப்பது என் தொழில். இங்கே இரண்டு முனையிலும் "அவளிடம் சொல்லாதே" என்கிறீர்கள். உன் அத்தையும் அதையேதான் சொல்லியிருக்கிறாள். நான் இருவர் பேச்சையும் கேட்காமல் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு மார்பில் கட்டி. ஆகஸ்டிலேயே தெரியும். செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள், நல்லபடியாக. உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர். ஆனால் வலது கை தலையணை மாதிரி வீங்கிவிட்டது. தோளுக்கு மேல் எழும்பவில்லை, தூரிகை விரலில் நிற்பதில்லை. இது குறையலாம், குறையாமலும் போகலாம். உனக்கு வந்த கடைசிக் கடிதத்தை மூன்று நாள் எழுதினாள்.

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "போதும் நளினி, எவ்வளவோ பார்த்துட்டேன், வரைஞ்சுட்டேன். கடைசிப் படம் நல்லா வந்துச்சு. அதோட முடிச்சுக்கறேன்" என்கிறாள். ஆபரேஷன் உண்டு என்று தெரிந்துகொண்டுதான் அந்த வெள்ளத்தை வரைந்திருக்கிறாள். வண்ணப் பெட்டியை இங்கே கொண்டுவந்திருக்கிறாள், திறக்கவில்லை. கேட்டால் குழாய்த் தண்ணீர் என்று ஒரு சாக்கு.

வாத்தைச் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. படம் எனக்குப் புரியாது. உன் பெயர் போட்ட கடிதம் வந்ததா என்று தினமும் கேட்கிறாள். போன தடவை நீ எழுதியதைப் படித்துவிட்டு, "இந்தப் பொண்ணு எதையோ மறைக்கறா. கண்ணாடியில குமிழி இல்லன்னு எவளாவது எழுதுவாளா?" என்றாள்.

உன்
நளினி சித்தி


கோலாப்பூர்
4 டிசம்பர்

அன்புள்ள அத்தைக்கு,

நமஸ்காரங்கள். இங்கே எல்லோரும் உடம்பால் சுகம்.

நான் இரண்டு நாள் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் நோகும், சொல்லாவிட்டால் மண்டபத்தில் நேரில் பார்த்து நோகும். நீங்கள் ஒருபோதும் இல்லாத மலையை வரைந்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் வெள்ளத்தில் தோண்டிபா மாமா இரண்டு வாத்துகளை விட்டுவிட்டார். தண்ணீர் முழுவதும் நீலம். படம் முடியவில்லை என்று நினைத்து, உங்கள் பெயர் கெடக் கூடாது என்று செய்தார். அவர்மேல் கோபப்பட முடியவில்லை, பட்டுப் பார்த்தேன். வாத்துகள் வாத்துகள் போலவே இருக்கின்றன. வலதுபக்க வாத்துக்கு மட்டும் கொஞ்சம் கர்வம்.

அப்பா அடுத்த வாரம் பம்பாய் வருகிறார். அவரிடம் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன். படித்துறையில் நானே இறங்கி மொண்டது. மேல் தண்ணீரை விலக்கிவிட்டுத் தெளிந்த இடமாகப் பார்த்து எடுத்தேன். பஞ்சகங்கை. எதற்கு என்று எழுத மாட்டேன்.

கண்ணாடியில் உண்மையாகவே குமிழி இல்லை.

உங்கள்
சரயூ


பரேல்
5 ஜனவரி 1984

அன்புச் சரயூ,

ஆசிகள். இது இடது கை எழுத்து. அம்மாவைக் கூட்டி வைத்துப் படி.

உன் கடிதத்துக்கு ஒரு மாதம் பதில் போடவில்லை. அதற்குக் கோபம் காரணமில்லை என்றால் பொய். முதலில் கோபம்தான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டேன். நளினி கஞ்சியை வைத்துவிட்டுப் போனாள். வாழ்நாளில் தண்ணீரைத் தண்ணீராக ஒரே ஒரு தடவை விட்டேன், அதிலுமா வாத்து என்று இருந்தது.

பிறகு ஒரு நாள் மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கர்வம் பிடித்த வாத்து ஞாபகம் வந்தது. நீ எழுதியது அப்படி. சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. தையல் போட்ட இடம் இழுத்தது. பக்கத்தில் இருந்தவளுக்கும் காரணம் தெரியாமலே சிரிப்பு வந்துவிட்டது.

என் கை விஷயம் நளினி சொல்லியிருப்பாள். இல்லை என்கிறாள், அதனால் சொல்லியிருக்கிறாள். அந்த வெள்ளப் படத்தோடு நான் முடித்துக்கொண்டிருந்தேன், சரூ. துக்கமாக இல்லை. நல்ல சாப்பாட்டுக்குப் பின் இலையை மடிப்பது மாதிரி. இப்போது தோண்டிபா என்ன செய்துவிட்டான் பார். குமுதினி சாலோகே வரைந்த கடைசிப் படம் எது என்று யாராவது கேட்டால், அந்த வாத்துப் படம் என்றல்லவா காட்டுவார்கள்? அது என் கடைசிப் படமாக இருக்க நான் விடமாட்டேன். இன்னொன்று வரைந்தே ஆக வேண்டும்.

உன் அப்பா அந்தப் பாட்டிலைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்தான். பக்கத்து அறை சுலோசனா அதைக் கோயில் தீர்த்தம் என்று நினைத்து ஒரு கரண்டி வாங்கிக் குடித்துவிட்டாள். வயிற்றுவலி வருமோ என்று நளினி இரண்டு நாள் அவளைக் கண்காணித்தாள். மிச்சத் தண்ணீரில் வண்ணப் பெட்டியைத் திறந்தேன். ஜன்னல் புளியமரத்தை இடது கையால் வரைகிறேன். பம்பாய் மரத்துக்குப் பஞ்சகங்கைத் தண்ணீர், மரம் ஆட்சேபிக்கவில்லை. முதல் மரம் நீ ஏழாம் வகுப்பில் வரைந்த காலிஃபிளவர் மாதிரியே வந்தது. அன்று உன்னைக் கேலி செய்ததற்கு இப்போது அனுபவிக்கிறேன். ஆனால் பதின்மூன்று வயதில் முதல்முதலாக வண்ணம் தொட்டபோது இருந்த பதற்றம் திரும்பி வந்திருக்கிறது. அதை இன்னொரு தடவை தருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வாத்துப் படத்தை வாசல் அருகேயே மாட்டு. தோண்டிபாவுக்கு என் நன்றியைச் சொல். கேலியாக அல்ல என்பதையும் சொல். கண்காட்சிக்கு டாக்டர் அனுப்ப மறுக்கிறார். நீ பார்த்து எழுது.

அன்புடன்,
அத்தை


கோலாப்பூர்
19 ஜனவரி

அன்புள்ள அத்தைக்கு,

நமஸ்காரங்கள். அம்மா கொடுத்தனுப்பிய எள்ளுருண்டை உடையாமல் வந்ததா? உங்கள் கடிதத்தை அம்மாதான் படித்தாள். பாதியில் நிறுத்தி அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மண்டபம் நிறைந்துவிட்டது. சங்கராந்திப் புடவையோடு பெண்கள் நேராகக் கோயிலிலிருந்து வந்தார்கள். ஒரு கரும்பு விவசாயி பன்ஹாளா படம் ஒன்றின்முன் வெகுநேரம் நின்று, அது தன் வயலிலிருந்து தெரியும் மலை என்றும், மூன்று தலைமுறையாக அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உழுதிருக்கிறோம் என்றும் அப்பாவிடம் சொன்னார். கைகூப்பிவிட்டுப் போனார். படத்துக்கா அப்பாவுக்கா என்று தெரியவில்லை.

வாத்துப் படத்தை விலைக்குக் கேட்டவர்கள் மூன்று பேர். மன்னிக்கவும், மற்ற எதையும் அத்தனை பேர் கேட்கவில்லை. தள்வி மாமா அதன்முன் நின்று, "குமுதினி கடைசியில ஜனங்களுக்கு எறங்கி வந்துட்டா" என்றார். தோண்டிபா மாமா பின்னால் நின்றிருந்தார். சலவைச் சட்டை, புதுத் தலைப்பாகை. உங்கள் நன்றியை நான் முன்னாலேயே சொல்லியிருந்தேன். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாப்பா, அந்த வெள்ளதான் தண்ணியா?" என்று கேட்டார்.

"ஆமா மாமா."

"நான் காயிதம்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "நேத்து வூட்டுக்குப் போற வழியில ஆத்தப் பாத்தேன். வெயில் பட்ட எடம் வெள்ளையாத்தான் இருக்கு. இத்தன வருசமா நீலம் அடிச்சுட்டிருந்திருக்கேன்."

பிறகு துணியில் சுற்றிய ஒன்றைக் கொடுத்தார். அவரே இழைத்த சிறிய சட்டம், உள்ளே ஒன்றுமில்லை. "டீச்சரம்மாவோட அடுத்த படத்துக்கு. சட்டம் மட்டுந்தான் நான். உள்ள கை வைக்கமாட்டேன்."

அதை வாத்துப் படத்துக்கு அடுத்து, வாசலை ஒட்டிக் காலியாகவே மாட்டினேன். ஒருவர் அதையும் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுவும் வெள்ளமா?" என்று கேட்டார். இல்லை, இது இன்னும் வரவில்லை என்றேன்.

கை எப்படி இருக்கிறது? இனிமேல் உண்மையை மட்டும் எழுதுங்கள், நானும் அப்படியே.

உங்கள்
சரயூ


பரேல்
12 பிப்ரவரி

சரூ,

ஆசிகள். கை வீக்கம் சற்று வடிந்திருக்கிறது. நானாகச் சொல்லவில்லை, டாக்டர் நாடாவால் அளந்து சொன்னார்.

படம் தனித் தபாலில் வருகிறது. மரம் கோணல். கடல் மரத்தைவிடக் கோணல். தோண்டிபாவின் சட்டத்துக்குள் அடங்காவிட்டால் காகிதத்தை வெட்ட விடாதே, சட்டத்தை மாற்றச் சொல்.

மரத்தடியில் காய்கறிப் பையோடு ஒருத்தி வருவதைப் பார்ப்பாய். நளினி. ஒவ்வொரு மாலையும் அவள் அந்த இடத்தைக் கடந்துதான் வருகிறாள்; அவளை விட்டுவிட்டு வரைய மனம் வரவில்லை. உன் அம்மாவிடம் காட்டு. இங்கே என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்க்க யாருமில்லை, அதனால் முன்னால் ஒருத்தி வந்துவிட்டாள்.

இந்த அட்டையின் மூலையில் இருப்பது வாத்து. அடையாளம் தெரியாவிட்டால் தோண்டிபாவைக் கேள்.

பாட்டில் காலி. அடுத்ததை அனுப்பு.

அத்தை